அறுபது கிராம் விமானம்

செஸ்னா 170 நான்கு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 1948 முதல் 1956 வரை தயாரித்தார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11 மீட்டர். பெட்ரோல், ஆட்கள், சாமான்கள் எல்லாம் ஏறிய பிறகு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 998 கிலோ. இதைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் இறக்கை 61 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். பெட்டியில் வாங்கி, மரத்தில் கட்டி, ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் மாதிரி விமானங்களில் மிகவும் பழக்கமான அளவு அது.

சரி, அந்தக் குட்டி செஸ்னாவின் எடை எவ்வளவு இருக்க வேண்டும்? நீளத்தை 18-ஆல் வகுத்தோம். பரப்பு 18 × 18, அதாவது 324-ஆல் வகுபடும். கன அளவும் அதோடு எடையும் 18 × 18 × 18, அதாவது 5,832-ஆல் வகுபடும். 998 கிலோவை 5,832-ஆல் வகுத்தால் 171 கிராம். கணக்குப்படி அசலுக்கு நேர்மையான நகல் இதுதான். ஆனால் இந்தக் கலையில் ஊறியவர் யாரும் அந்த எடைக்குச் சம்மதிக்க மாட்டார். ரப்பர், சக்கரம், பசை, காகிதம் எல்லாம் சேர்த்து 60 கிராமுக்குள் முடிக்கத்தான் பார்ப்பார். மீதி 111 கிராமை ஏன் விரட்ட வேண்டும், எங்கிருந்து விரட்டுவது என்பதுதான் மர விமானம் கட்டுவதன் அறிவியல்.

இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்பதை இறக்கைச் சுமை என்பார்கள். அசல் செஸ்னாவின் இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 62 கிலோ. மாதிரியின் இறக்கை வெறும் 500 சதுர சென்டிமீட்டர்தான். 171 கிராமில் கட்டினால் அதன் சுமை சதுர மீட்டருக்கு 3.4 கிலோ, 60 கிராமில் கட்டினால் 1.2 கிலோ. விழாமல் காற்றில் நிற்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அசல் விமானம் மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டருக்குக் கீழே போனால் தாங்காது. அதே கணக்கில் 171 கிராம் மாதிரிக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வேண்டும். 60 கிராம் மாதிரிக்கு 12 கிலோமீட்டருக்குள் போதும். ஒருவர் பக்கத்திலேயே மெதுவாக ஓடிவரலாம்.

வேகம் குறைந்தால் இன்னொரு லாபம் உண்டு. மோதும்போது வெளிப்படும் ஆற்றல் எடையைப் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தின் வர்க்கமோ எடையோடு சேர்ந்தே ஏறுகிறது. எனவே எடையை இரட்டித்தால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. புதிதாகக் கட்டுபவர்களின் கை இங்கேதான் தடம் புரள்கிறது. "உடைந்துவிடுமோ" என்ற பயத்தில் மூட்டுக்கு மூட்டு இன்னொரு சொட்டுப் பசை, மூலைக்கு மூலை ஒரு முட்டுக்கட்டை, மேலே இரண்டு பூச்சு வண்ணம். வலுவூட்ட வலுவூட்ட விமானம் வேகமாகப் பறக்க வேண்டியதாகிறது. வேகமாகப் பறப்பது பலமாக மோதுகிறது. 60 கிராம் விமானம் புல்லில் மூக்கைக் குத்திவிட்டு எழுந்துகொள்ளும் இடத்தில், 120 கிராம் விமானம் சுள்ளியாகிவிடும்.

அளவும் எடையும் ஆடும் இந்த ஆட்டம் ரைட் சகோதரர்களையும் சிறுவயதில் குழப்பியிருக்கிறது. 1878-இல் அப்பா மில்டன் ரைட் ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர் ஆகியவற்றால் ஆன சிறு ஹெலிகாப்டர். பையன்கள் அதைப் பார்த்து இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாக ஆக ஆக அது பறக்க மறுத்தது. நீளம் இரு மடங்கானால் எட்டு மடங்கு திறன் தேவை என்பது அப்போது தங்களுக்குத் தெரியாது என்று 1908-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் நினைவுகூர்ந்தார்கள். நம் செஸ்னாக்காரருக்கு அதே விதி தலைகீழாக உதவுகிறது. சிறிதாக்கினாலே சுமை குறைகிறது. இலேசாக்கினால் இன்னும் குறைகிறது.

பெட்டியைத் திறந்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். விமானம் எங்கே? மடித்து வைத்த ஒரு பெரிய வரைபடம். விரல் அகலத்தில் பாதிகூட இல்லாத மரக்குச்சிகள் ஒரு கட்டு. வெளிர்மஞ்சள் மரத்தகடுகள் சில. அவற்றில் இறக்கையின் குறுக்கெலும்புகளும் உடலின் குறுக்குச் சட்டங்களும் வெட்டப்பட்டிருக்கும். இந்தக் குறுக்கெலும்பை எல்லோரும் ரிப் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு மெல்லிய காகிதம் இரண்டு தாள், ஒரு பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர், கொஞ்சம் கம்பி, ஒரு ரப்பர் வளையம். இந்த வடிவத்தில் பெட்டிகளை விற்கும் பழக்கம் நூறாண்டை நெருங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வேக்ஃபீல்டில் பால் கில்லோ தன் மாதிரி விமான நிறுவனத்தைத் தொடங்கியது 1926-இல். மறு ஆண்டு விமானி லிண்ட்பர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்தார். அதன்பின் அமெரிக்கப் பையன்கள் எல்லோருக்கும் விமானப் பைத்தியம் பிடித்தது, பெட்டிகள் பறந்தன. நம் ஊரில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த மரமும் பசை வாசனையும் பழக்கமாக இருக்கும்.

மரத்தின் பெயர் பல்சா. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க மழைக்காடுகளில் வளர்வது. இன்று உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ஈக்வடாரிலிருந்து வருகிறது. தாவரவியல் குடும்பத்தைப் பார்த்தால் நமக்கு அந்நியமல்ல. பருத்தி, பூவரசு, வெண்டை, இலவம் எல்லாம் இருக்கும் அதே மால்வேசியே குடும்பம். பல்சாவின் காயும் முற்றி வெடித்தால் உள்ளே பட்டுப் பஞ்சுதான். கிளி அங்கேயும் காத்திருந்து ஏமாறலாம். பூ இரவில் மலர்கிறது, தேனுக்கு வௌவால்கள் வருகின்றன. விதையிலிருந்து கிளம்பி ஐந்தாறு வருடத்தில் இருபது மீட்டர் உயரம் தொட்டுவிடும் அவசரக்கார மரம். அந்த வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். விட்டுவைத்தால் வெளிமரம் கனத்து நடுமரம் கெட ஆரம்பித்துவிடும்.

எந்த மரமானாலும் செல் சுவரின் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோ. தேக்கு 650 கிலோ என்றால் அதில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு மரம், மீதி வெற்றிடம். பல்சா சராசரியாக 150 கிலோ. பத்தில் ஒரு பங்குதான் மரம்! அவசரமாக வளரும்போது சுவரை மெல்லியதாக வைத்து, உள்ளே நீரை நிரப்பி, அந்த நீரின் அழுத்தத்தில் நிமிர்ந்து நிற்கிறது. வெட்டி, சூளையில் உலர்த்தி நீரை வெளியேற்றினால் காற்று நிறைந்த நுண்குழாய்களின் கூடு மிஞ்சும்.

இலேசாக இருந்தால் மட்டும் போதுமா? தெர்மோகோல் இன்னும் இலேசு. பல்சாவின் பெருமை விறைப்பில் இருக்கிறது. அதற்குக் காரணம் தடிமன். ஒரு தகட்டை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. இப்போது ஒரே பரப்பும் ஒரே எடையும் உள்ள இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று அலுமினியம், மற்றது பல்சா. பொருளாக எடுத்துக்கொண்டால் அலுமினியம் பல்சாவைவிட இருபது மடங்கு விறைப்பானது. ஆனால் பதினெட்டு மடங்கு கனமானதும்கூட. அதனால் அதே எடைக்குப் பல்சாத் தகடு பதினெட்டு மடங்கு தடிமனாக இருக்கும். பதினெட்டின் மூன்றாம் அடுக்கை இருபதால் வகுத்துப் பாருங்கள்: பல்சாத் தகடு இருநூற்றுத் தொண்ணூறு மடங்கு விறைப்பாக நிற்கும். பெரிய விமானத்தில் இந்தத் தடிமனுக்கு இடம் கொடுத்தால் காற்றின் தடையும் சுமக்கும் பாரமும் வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். 61 சென்டிமீட்டர் இறக்கைக்கோ அலுமினியத்தில் செய்ய வேண்டுமென்றால் சாக்லேட் உறை அளவு மெல்லிய தகடு வேண்டும். தொட்டாலே கசங்கும்.

உண்மையான விமானங்களும் பல்சாவை ஒதுக்கவில்லை. 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் உடல், இரண்டு பிர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பல்சாவை வைத்து ஒட்டியது. பலம் தேவைப்படுவது வெளித்தோல்களில். நடுவே இருப்பதற்கு அவற்றைத் தள்ளி நிறுத்துவதுதான் வேலை. போருக்குப் பல்சா போய்விட்டதால் அந்த வருடங்களில் அமெரிக்கப் பையன்களின் பெட்டிகளில் வேறு மரமும் அட்டையும்தான் வந்தன. இன்றைக்குப் பல காற்றாலை இறக்கைகளின் உள்ளேயும் இதே ஏற்பாடு இருக்கிறது. காற்றாலைத் தொழில் ஈக்வடார் காட்டை எப்படி மொட்டையடிக்கிறது என்பது தனிப் புத்தகத்துக்கான கதை.

பல்சா எல்லாம் ஒன்றல்ல. கடையில் 914 மில்லிமீட்டர் நீளம், 76 அகலம், 1.6 தடிமன் என்ற அளவில் ஒரு தகடு கிடைக்கும். கன மீட்டருக்கு 96 கிலோ அடர்த்தி என்றால் அதன் எடை 10.7 கிராம், 192 கிலோ என்றால் 21.3 கிராம். விலை ஒன்று, பார்வைக்கும் ஒன்று. தராசில் வைத்தால்தான் தெரியும். பெட்டியில் வருவது பெரும்பாலும் கனத்த பக்கம். போக்குவரத்தில் உடையாமல் இருக்க வேண்டுமே. அதனால் அனுபவசாலிகள் பெட்டியின் வரைபடத்தையும் வெட்டிய பாகங்களின் வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, மரத்தைத் தாங்களே தேர்ந்து வாங்கி மறுபடி வெட்டிக்கொள்வதும் உண்டு. 0.1 கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு இந்த வேலையில் பிளேடுக்கு அடுத்தபடி முக்கியம்.

எடையோடு ரேகையையும் பார்க்க வேண்டும். மரத்தைத் தொடுகோட்டுத் திசையில் அறுத்தால் வரும் தகட்டில் ரேகைகள் நீளநீளமாக ஓடும். அதை அகலவாட்டில் குழாயாகவே சுருட்டலாம். இதற்கு ஏ ரேகை என்று பெயர். வளைந்த மேல்தோலுக்கு உகந்தது. மையத்திலிருந்து ஆரமாக அறுத்தால் தகட்டின் முகத்தில் மீன் செதில் மாதிரி சின்னச் சின்ன மினுமினுப்புத் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மின்னும். இது சி ரேகை. சுருட்டப் பார்த்தால் பட்டென்று பிளக்கும். ஆனால் தட்டையாக நிற்கும், முறுக்கிக்கொள்ளாது. ரிப்புகளுக்கும் வால் தகடுகளுக்கும் அதுதான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி. இன்னொன்று: ரேகையின் திசையில் உள்ள விறைப்பில் இருபதில் ஒரு பங்குகூடக் குறுக்கே கிடையாது. ஒரு பாகத்தைத் திசை மாற்றி வெட்டிவிட்டால் அது மரமல்ல, பிஸ்கட்.

இலேசான மரம் வாலுக்கு, கொஞ்சம் கனத்தது மூக்குக்கு. காரணம் நெம்புகோல். செஸ்னாவின் 7.6 மீட்டர் உடல் மாதிரியில் 42 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து சுமார் 11 சென்டிமீட்டரில் அமைய வேண்டும் என்றால், வால் அங்கிருந்து 28 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் இரண்டரை கிராம் களிமண் ஒட்ட வேண்டும். ஒன்றுக்கு மூன்றரையாகப் போகிறது எடை. வால் குச்சிகளை உப்புத்தாளில் பொறுமையாகத் தேய்த்து அரை கிராம் குறைப்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

கட்டும் முறை எளிமையானது. மென்பலகை ஒன்றில் வரைபடத்தை விரித்து, மேலே மெழுகுத்தாள் பரப்பி, குச்சிகளை வரைந்த கோட்டின் மேலேயே குண்டூசிகளால் நிறுத்தி ஒட்டிக்கொண்டே போவது. குண்டூசியைக் குச்சிக்குள் குத்தக்கூடாது. இரண்டு பக்கமும் சாய்வாகக் குத்தி நடுவில் பிடித்து நிறுத்த வேண்டும். உடலின் இடது, வலது பக்கங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் கட்டுவார்கள், இரண்டும் அச்சு அசலாக இருக்கட்டும் என்று. அது மட்டும் போதாது. உடலின் நீளவாட்டில் ஓடும் நான்கு குச்சிகளும் வளைவதில் ஒத்துப்போக வேண்டும். ஒன்று விறைப்பு, மற்றது நெகிழ்வு என்றால் சட்டகத்தைப் பலகையிலிருந்து எடுத்தவுடன் உடல் வாழைப்பழமாகக் கோணிக்கொள்ளும். எனவே நான்கையும் மேசை விளிம்பில் நீட்டி வைத்து, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். பழைய பெட்டிகளில் ரிப்புகளை இரும்பு அச்சால் அழுத்தி வெட்டியிருப்பார்கள். அச்சு மழுங்கியிருந்தால் மரம் வெட்டுப்படுவதற்குப் பதில் நசுங்கும். இப்போது லேசர் வெட்டுகிறது. கருகிய ஓரத்தை மட்டும் இலேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டலாம்.

பசைக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையே போதும். கொஞ்சம் நீர் சேர்த்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைப்பது நல்லது. காயும்போது பாதி எடை நீராகப் போய்விடும். ஃபெவிக்விக் வகைப் பசை நொடியில் பிடிக்கும், விரலையும் சேர்த்து. மூட்டு சரியாகப் பொருந்தினால் பசை தெரியவே கூடாது என்பதுதான் அளவு. பொருந்தாத இடைவெளியைப் பசையால் நிரப்புவது எடையையும் நிரப்புகிறது.

சட்டகம் முடிந்ததும் இறக்கையைக் கையில் எடுத்து இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பார்க்கலாம். பயமாக இருக்கும், அவ்வளவு எளிதாகத் திருகும். இதன் மேல் ஒட்டப்போவது டிஷ்யூ என்று அழைக்கப்படும் மெல்லிய காகிதம். ஜப்பானியத் தாள் என்றால் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு கிராம் அளவில்தான் இருக்கும். செய்தித்தாளின் எடையில் நாலில் ஒரு பங்கு. முழு விமானத்துக்கும் இரண்டு, மூன்று கிராமுக்குள் காகிதம் அடங்கிவிடும். மேலும் கீழும் ஒட்டிக் காய்ந்த பிறகு அதே இறக்கையைத் திருகினால் மறுக்கும். மூடியில்லாத அட்டைப்பெட்டியைத் திருகிவிட்டு, பிறகு மூடியை ஒட்டிவிட்டுத் திருகிப் பாருங்கள், அதே சங்கதிதான். திருகும்போது தோலில் ஒரு மூலைவிட்டத் திசை இழுபடுகிறது, மற்றது சுருங்குகிறது. காகிதம் அழுத்தத்துக்கு மசியும், இழுப்புக்கு மசியாது. இறுக்கமாக ஒட்டியிருந்தால் அந்த இழுப்பே இறக்கையைப் பிடித்து நிறுத்துகிறது.

இறுக்கம் எப்படி வரும்? தண்ணீரால். ஒட்டிய காகிதத்தின் மேல் பொடிசாக நீரைத் தெளித்தால் முதலில் எல்லாம் தொளதொளவென்று தொங்கும். புதியவருக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் அது. காகித நார்கள் நீரைக் குடித்துப் பருத்துவிட்டன, அவ்வளவுதான். காயக் காய நார்கள் சுருங்கி, ஒன்றையொன்று நெருங்கிப் பிணைந்து, தாள் மத்தளத் தோலாக விறைக்கும். விரல் நகத்தால் சுண்டினால் ஒலி கேட்கும். அதன் மேல் டோப் என்ற கரைசலை ஓரிரு பூச்சு பூசுவார்கள். செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருள்; நகப்பூச்சில் இருப்பதும் அதுவே, வாசனையும் அதே குடும்பம், தீப்பற்றும் குணமும் அதே. காகிதத் துளைகளை அடைத்து இன்னும் இறுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய வால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும் என்பதால் பழைய கைகள் டோப்பில் சில சொட்டு விளக்கெண்ணெய் விடும். காயும்வரை இறக்கையைப் பலகையில் ஊசி குத்தி வைப்பதும் அதற்காகத்தான். ஒரு பக்க நுனி மூன்று டிகிரி திருகிக் காய்ந்துவிட்டால் அந்த விமானம் வாழ்நாள் முழுக்கச் சுழன்றுதான் இறங்கும்; நீராவி காட்டித் திரும்ப நிமிர்த்தும்வரை.

இத்தனைக்குப் பிறகு அது ஓட்டுநர் இல்லாமல் நேராகப் பறக்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தெளிவாக அவிழ்த்தவர் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர். 1871 ஆகஸ்ட் 18, பாரிஸ் துய்லெரி தோட்டம். 45 சென்டிமீட்டர் இறக்கையும் 16 கிராம் எடையும் கொண்ட ப்ளானோஃபோர் என்ற தன் மாதிரி விமானத்தைக் கூட்டத்தின் முன் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர், பின்னால் ஒரு ப்ரொப்பெல்லர். 11 நொடியில் 40 மீட்டர். வயது 21. ரைட் சகோதரர்களின் அந்தப் பொம்மை ஹெலிகாப்டரும் இவருடைய வடிவமைப்பில் வந்ததுதான். பெரிய விமானத்துக்கு 1876-இல் காப்புரிமை எடுத்தார். கட்டுவதற்குப் பணம் கிடைக்கவில்லை. 1880-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அவர் செய்தது இவ்வளவுதான்: ஈர்ப்பு மையத்தைப் போதுமான அளவு முன்னால் வைத்து, வாலை இறக்கையைவிடக் குறைவான கோணத்தில் பொருத்தினார். மூக்கு தாழ்ந்தால் விமானம் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் வால் பலமாகக் கீழ்நோக்கி அழுத்தப்படும். அந்த அழுத்தம் மூக்கைத் தூக்கும். மூக்கு அளவுக்கு மேல் ஏறினால் வேகம் குறைந்து, வாலின் அழுத்தம் தளர்ந்து, மூக்கு தானே இறங்கும். பக்கவாட்டுச் சாய்வுக்கு இறக்கையை இலேசாக ஆங்கில வி வடிவில் மேல்நோக்கி வளைத்தார். இன்றைய செஸ்னா மாதிரியும் அதே வைத்தியத்தில்தான் பிழைக்கிறது. அசலைவிடக் கூடுதலான வி வளைவோடு.

ரப்பரைப் பற்றிக் கொஞ்சம். நல்ல ரப்பர் ஒரு கிலோவுக்குச் சுமார் 8,000 ஜூல் ஆற்றலைச் சேமிக்கும். அதே எடையுள்ள எஃகுச் சுருள்வில் பக்கத்தில்கூட வராது. ஆனால் எஃகு ஆற்றலைச் சேமிக்கும் விதம் வேறு, ரப்பர் சேமிக்கும் விதம் வேறு. எஃகில் அணுக்களின் பிணைப்பு இழுபடுகிறது. ரப்பரிலோ தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும் நீள மூலக்கூறுகளை இழுத்து வரிசையில் நிறுத்துகிறோம். அவை மறுபடி தாறுமாறாகப் போகத் துடிக்கும் துடிப்புதான் விசை. ஓர் அகலமான ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். இங்கிலாந்தின் கெண்டலில் வாழ்ந்த ஜான் கஃப் 1805-இல் இதை எழுதினார். அவருக்குக் கண்பார்வை கிடையாது. உதட்டைத்தான் வெப்பமானியாகக் கொண்டார்.

6 கிராம் ரப்பரில் 48 ஜூல். ப்ரொப்பெல்லரும் உராய்வும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். 40 சதவீதம் தேறினால் 19 ஜூல். அது 60 கிராமை 33 மீட்டர் தூக்கப் போதுமான ஆற்றல். அங்கிருந்து நொடிக்கு 60 சென்டிமீட்டர் வீதம் இறங்கினால் 55 நொடி. இதே ரப்பரை 120 கிராம் விமானத்தில் போட்டால் உயரம் பாதி. வேகம் கூடியதால் இறங்கும் வீதமும் ஒன்றரை மடங்கை நெருங்கும். நேரம் 20 நொடிக்கு வந்துவிடும். முறுக்குவதற்கு முன் ரப்பரைப் பல மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, சுற்றச் சுற்ற உள்ளே வந்தால் அதிகச் சுற்று ஏறும். ஏற்றிய பிறகு பேசிக்கொண்டு நிற்கக்கூடாது. இழுபட்டு நிற்கும் ரப்பர் நொடிக்கு நொடி தளர்ந்து, சேமித்ததை வெப்பமாக விட்டுவிடும்.

அசலைத் துல்லியமாக நகலெடுப்பவர்களுக்குக் காற்று இன்னொரு அடி கொடுக்கும். காற்றின் ஓட்ட விசைக்கும் பிசுபிசுப்புக்கும் உள்ள விகிதத்தை ரெய்னால்ட்ஸ் எண் என்பார்கள். செஸ்னாவுக்கு அது நாற்பது லட்சத்துக்கு மேல். 8 சென்டிமீட்டர் அகல இறக்கையோடு ஓடும் வேகத்தில் பறக்கும் மாதிரிக்கு வெறும் இருபதாயிரம். இந்த அளவில் காற்றின் பிசுபிசுப்புக்கு ஆதிக்கம் அதிகம். தடித்த இறக்கையின் மேல்புறத்தில் காற்று பாதியிலேயே ஒட்டாமல் பிரிந்து போய்விடும். ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து 1942-இல் புத்தகமாகவே எழுதினார்: இவ்வளவு சிறிய அளவில், பெரிய விமானத்தின் தடித்த இறக்கை வடிவத்தைவிட வளைந்த மெல்லிய தகடு நன்றாகப் பறக்கிறது. ப்ரொப்பெல்லரும் அப்படித்தான். கணக்குப்படி 11 சென்டிமீட்டர் போதும். பறப்பதற்கு 15 வேண்டும். பறக்கும் மாதிரி என்பது, அளவு நாடாவோடு வருபவரிடம் நாலைந்து இடத்தில் பொய் சொல்லியே தீர வேண்டிய பொருள்.

முதல் பறத்தல் காற்று அடங்கிய விடிகாலையில், முழங்கால் உயரப் புல்லுக்கு மேல், ரப்பரை முறுக்காமல். தோள் உயரத்தில் பிடித்து, தரையில் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பார்த்து மெதுவாக விட வேண்டும், எறியக்கூடாது. மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் மூக்கில் அரிசி அளவு களிமண். நேராகக் குத்தினால் களிமண்ணை எடுக்கலாம், அல்லது வாலின் பின் ஓரத்தை ஒரு மயிரிழை மேலே வளைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். சறுக்கல் சீரானபின் நூறு சுற்று முறுக்கிப் பார்க்கலாம். இப்போது புது நோய்கள் வரும். ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றுவதால் உடல் மறுபக்கம், பெரும்பாலும் இடதுபுறம், சாயும். முறுக்கின் முதல் வேகத்தில் மூக்கும் வானத்தைப் பார்க்கும். இதை வாலில் சரி செய்தால் சறுக்கல் கெடும். ப்ரொப்பெல்லரைத் தாங்கும் கட்டைக்குப் பின்னால் மெல்லிய மரச்சீவல் வைத்து, இழுவையின் திசையை இரண்டு மூன்று டிகிரி கீழேயும் வலதுபுறமும் திருப்ப வேண்டும். முறுக்கு தீர்ந்ததும் அந்த மருந்தும் தானே நின்றுவிடும்.

எல்லாம் சரியாக அமைந்து, எடையும் சொன்னபடி இருந்தால், கடைசியாக ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது. வெயில் ஏறிய வயல்வெளியில் சூடான காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வீதமோ அதற்கு மேலோ சாதாரணமாகக் கிளம்பும். நம் விமானமோ அதற்குள்ளே நொடிக்கு அறுபது சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. ரப்பர் எப்போதோ தீர்ந்துவிட்டிருக்கும். அது வட்டமடித்து ஏறிக்கொண்டே இருக்கும், அடுத்த ஊரை நோக்கி. இதற்காகவே வாலை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டிவைத்து, அந்த வளையத்தில் வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த பருத்தித் திரியைச் செருகுவார்கள். விடுவதற்கு முன் திரியைப் பற்றவைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் நெருப்பு வளையத்தை அறுக்கும். வால் படாரென்று நாற்பத்தைந்து டிகிரி மேலே எழும்பும். இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் போய், விமானம் மட்டமாகவே பொத்தென்று இறங்கிவிடும். திரியின் நீளத்தைச் சோதித்து வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் முனையைச் சிறு அலுமினியக் குழாய்க்குள் விட்டு வைப்பது கட்டாயம். இல்லையென்றால் அறுந்த திரி டோப் பூசிய காகிதத்திலோ காய்ந்த புல்லிலோ விழுந்து பற்றிக்கொள்ளும். இந்தக் காரணத்தால் பல இடங்களில் திரிக்குப் பதில் பிசுபிசுப்பான எண்ணெய்க்குள் மெதுவாகச் சுழலும் சின்ன டைமரைப் பொருத்துகிறார்கள்.